டூரிஸ்ட் ஃபேமிலி: மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் பார்த்தவர்கள் எங்கே சிரித்தீர்கள்?

வாவிக்கரை எழுதியது:

படம் 2025 மே முதலாம் திகதி வெளிவந்தது. அந்த மாதமே ஒரு அலுவலாகக் கொழும்புக்குப் போனபோது தியேட்டரில் பார்த்துவிட்டேன். போன சனிக்கிழமை வீட்டில் அம்மா, பெத்தா (பாட்டி), தங்கச்சி எல்லாரையும் இருத்திவைத்து இரண்டாம் தடவை பார்த்தேன். இரண்டு தடவையும் சிரிப்பு வந்த இடங்கள் வேறு வேறாக இருந்தன. அதைப் பற்றிக் கதைக்கத்தான் இந்த இழையைத் தொடங்குகிறேன்.

பார்க்காதவர்களுக்குக் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பொருளாதார நெருக்கடியில் இங்கே இலங்கையில் வாழ முடியாமல் ஒரு அப்பா, அம்மா, இரண்டு மகன்மார் படகேறி இராமேஸ்வரம் கரையில் இறங்குகிறார்கள். அங்கிருந்து சென்னைக்குப் போகிறார்கள். பிள்ளைகளின் தாய்மாமன் ஒரு தெருவில் வீடு பிடித்துக் கொடுக்கிறார். பேச்சே காட்டிக் கொடுத்துவிடும், அதனால் அயலாரோடு வாய் கொடுக்கக் கூடாது என்பது அவருடைய கட்டளை. எங்கள் நாட்டு ஆட்களால் அயலாரோடு கதைக்காமல் இருக்க முடியுமா? படம் அந்த இடத்தில்தான் நடக்கத் தொடங்குகிறது. அப்பாவாக சசிகுமார், அம்மாவாக சிம்ரன், மாமனாக யோகி பாபு. அபிஷன் ஜீவிந்த் இயக்கிய முதல் படம்.

கொழும்பில் சனம் அதிகம் சிரித்தது சின்ன மகன் வரும் காட்சிகளுக்கு. யோகி பாபு பதறும் இடங்களுக்கும் நல்ல சிரிப்பு. எங்கள் வீட்டில் பெத்தா அவற்றுக்குப் பெரிதாக அசையவில்லை. சசிகுமார் முன்பின் தெரியாத அயல்வீட்டு மனிதரோடு உரிமையாகக் கதைக்கத் தொடங்கியதும்தான் சிரித்தா. "இவன் நம்மட ஊராள்தான்" என்றா. சிரித்து முடிய ஒரு கேள்வியும் கேட்டா: "அங்க ஆக்கள் ஒருத்தரோட ஒருத்தர் பேசுறதில்லையா மனே?"

அந்தக் கேள்வி எனக்கு இன்னும் ஓயவில்லை. ஊர் மாறி வந்தவனை வைத்துச் சிரிக்கவைக்கும் படங்கள் நிறையப் பார்த்திருக்கிறோம். லிஃப்டைக் கண்டு பயப்படுவான், கரண்டியால் சாப்பிடத் தெரியாமல் முழிப்பான், நாங்கள் அவனைப் பார்த்துச் சிரிப்போம். இந்தப் படத்தில் பெத்தாவுக்கு விசித்திரமாகத் தெரிந்தது அந்தக் குடும்பம் இல்லை, அந்தத் தெரு.

நீங்கள் எங்கே சிரித்தீர்கள்? முடிவை மட்டும் தயவுசெய்து இங்கே சொல்லிவிடாதீர்கள், பார்க்காத ஆட்களும் வாசிப்பார்கள்.

காரைதீவு_மண் எழுதியது:

எனக்கு யோகி பாபுதான். தனக்கு ஒன்றும் நடந்துவிடக் கூடாது என்ற பயமும், அக்காவின் குடும்பத்தை விட முடியாத பாசமும் ஒரே முகத்தில் வந்து போகின்றன. வழக்கமாக அவரை உருவத்தை வைத்துக் கேலி செய்யும் வசனங்களால் நிரப்புவார்கள். இதில் ஒரு மாமனாக நடிக்க இடம் கொடுத்திருக்கிறார்கள். எங்கள் ஊரில் கலியாணமென்றாலும் சண்டையென்றாலும் தாய்மாமன் முன்னுக்கு நிற்க வேண்டும், அதனால் எனக்கு அவர் உடனே ஒட்டிவிட்டார்.

ஷான் ரோல்டனின் இசையையும் சொல்ல வேண்டும். சிரிப்புக் காட்சி என்று மேளம் தட்டி அறிவிக்காமல் விட்டதே பெரிய விஷயம்.

படுவான்காற்று எழுதியது:

வாவிக்கரை, உங்கள் பெத்தா சொன்னதைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் எழுதுகிறேன். நான் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் தமிழ் படிப்பிக்கிறேன், வகுப்பறை வாசனை வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தொல்காப்பியம் மெய்ப்பாட்டியலில் சிரிப்புக்கு நான்கு ஊற்றுகள் சொல்லியிருக்கிறது: "எள்ளல் இளமை பேதைமை மடன்." எள்ளல் என்றால் இகழ்ந்து சிரிப்பது. இளமை, குழந்தைத்தனம். பேதைமை, அறியாமை. மடன் என்பதற்கு உரைகாரர் சொல்வது, ஒருவர் சொன்னதை அப்படியே நம்பிவிடும் குணம்.

ஊர் மாறி வந்தவன் கதையை இந்த நான்கில் எதை வைத்தும் எடுக்கலாம். எள்ளலை வைத்து எடுப்பது மிகச் சுலபம். ஊர் பெரிது, வந்தவன் சிறிது, சனம் சிரிக்கும். இந்தப் படத்தில் இயக்குநர் எள்ளலைக் கிட்டத்தட்டத் தொடவே இல்லை. சின்ன மகன் இளமை. மாமன் சொன்ன பொய்களைக் காப்பாற்றத் தெரியாமல் குடும்பம் தடுமாறுவது பேதைமை. அப்பா பாத்திரம் முழுக்க மடன்: மனிதர் நல்லவராகத்தான் இருப்பார் என்று நம்பிக்கொண்டே போகிறார், நம்பப்பட்டவர்களும் மெல்ல மெல்ல அப்படியே ஆகிவிடுகிறார்கள். மடனை இவ்வளவு மரியாதையாக நடத்திய நகைச்சுவைப் படம் எனக்கு உடனே வேறொன்று ஞாபகம் வரவில்லை.

ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளிடம் இந்த நான்கையும் சொல்லிக்கொடுத்துவிட்டு, படம் பார்த்தவர்கள் எந்தச் சிரிப்பு எந்த வகை என்று எழுதிவாருங்கள் என்றேன். ஒரு பிள்ளை எழுதியது: "அப்பா அழுகையை அடக்கிக்கொண்டு பகிடி விடுகிறார். அது எந்த வகை, சேர்?" அதற்கு என்னிடம் இன்னும் பதில் இல்லை.

கல்லடி_மாப்பிள்ளை எழுதியது:

நான் யாழ்ப்பாணத்தான். கலியாணம் கட்டி 12 வருடமாகக் கல்லடியில் இருக்கிறேன். அதனால் இந்தப் படத்தை இரண்டு காதாலும் கேட்டேன்.

முதலில் பேச்சு. படத்தில் வருவது வடக்குப் பேச்சு. சசிகுமாருக்கு மதுரைப் பேச்சு படிந்த நாக்கு, சில வாக்கியங்களின் கடைசியில் அது எட்டிப் பார்க்கிறது. சிம்ரன் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர் இல்லை, இருந்தும் கவனமாக உழைத்திருக்கிறார் என்பது கேட்கும்போது தெரிகிறது. 2000ஆம் ஆண்டு தெனாலியில் கமல்ஹாசன் எங்கள் பேச்சைப் பேசியபோது நான் பள்ளிக்கூடப் பொடியன். அந்தப் பாத்திரத்துக்கு எல்லாவற்றிலும் பயம், அந்தப் பயத்தின் அடியில் யுத்தம் இருந்தது. எல்லாரும் சிரித்தார்கள், நாங்களும் சிரித்தோம். ஆனால் அதன் பிறகு தமிழ்நாட்டில் யாராவது எங்கள் பேச்சைக் கேட்டால் அந்தப் படத்து வசனத்தைத் திருப்பிச் சொல்லிக் காட்டுவார்கள். நாங்கள் வாய் திறந்தாலே பகிடி என்று ஆகிவிட்டது. இந்தப் படத்தில் அப்படி இல்லை. பேச்சு இங்கே ஒளித்துவைக்க வேண்டிய பொருள். அது வெளியே வரும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு பதறியது. சிரிப்பு அந்தப் பதற்றத்துக்குப் பிறகுதான் வருகிறது, அதனால்தான் அது நல்ல சிரிப்பு.

இரண்டாவது, ஊர் மாறி வந்தவன் என்றால் நானும் அப்படித்தான். மட்டக்களப்பில் வீடு பெண்பிள்ளைக்கு, மாப்பிள்ளை அந்த வீட்டுக்குப் போக வேண்டும். நான் புறப்படும்போது ஊரில் சொல்லி அனுப்பினார்கள், "மட்டக்களப்புக்குப் போனால் பாயோடு ஒட்டவைத்துவிடுவாங்கள், திரும்பி வரமாட்டாய்" என்று. வந்த முதல் கிழமை மாமாவை மோட்டார்சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போகிறேன். சந்தி வர "வலப்பக்கம் கிறுகு" என்கிறார். எனக்குக் கிறுகு என்ற சொல் தெரியாது. அவருக்குத் தலை கிறுகிறுக்கிறதோ என்று பயந்து நிறுத்திவிட்டேன். மாமா இறங்கி, வலப்பக்கமாக நான்கு அடி நடந்து, கையால் காட்டி, "இதுதான் மகன் கிறுகுறது" என்று சொல்லிவிட்டுத் திரும்ப ஏறி உட்கார்ந்தார். அவர் சிரிக்கவே இல்லை. நான் சிரித்த பிறகுதான் சிரித்தார்.

படத்தில் எனக்குப் பிடித்தது அந்த ஒழுங்குதான். யார் முதலில் சிரிப்பது என்பதில் ஒரு மரியாதை இருக்கிறது.

அக்கரைப்பெண் எழுதியது:

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம் எல்லாருக்கும்.

கல்லடி மாப்பிள்ளை எழுதியதை உம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன், "அந்த மாமா நல்ல மனிசன்" என்றா.

நாங்கள் இரண்டு வருடத்துக்கு முதல் உம்மாவின் கண் வைத்தியத்துக்காகச் சென்னைக்குப் போய் மூன்று கிழமை தங்கினோம். போன இடமெல்லாம் முதல் கேள்வி ஒன்றுதான்: "நீங்க கேரளாவா?" ஓட்டோக்காரர் கேட்டார், பழக்கடையில் கேட்டார்கள், தங்கிய இடத்தில் கூட்டிப் பெருக்க வந்த அக்காவும் கேட்டா. சிலோன் என்றால் உடனே "அப்ப யாழ்ப்பாணமா?" அக்கரைப்பற்று என்றால் ஒருவருக்கும் தெரியாது. மட்டக்களப்புக்குத் தெற்கே, கடற்கரையோரம் என்று சொன்னால் மட்டக்களப்பும் தெரியாது. கடைசியில் உம்மா "ஓம், கேரளாதான்" என்று சொல்லிவிட்டு நடக்கத் தொடங்கிவிட்டா.

அதனால் படத்தில் இந்தக் குடும்பம் தன் பேச்சை மறைக்கப் படும் பாட்டைப் பார்த்து நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். உம்மாவுக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணீர் வந்துவிட்டது, அந்த வைத்தியம் செய்த கண்ணால்தான்.

ஒரு குறையும் சொல்கிறேன். இலங்கைத் தமிழ் என்றால் சினிமாவுக்கு ஒரே ஒரு தமிழ்தான். பிறகு என்பதற்குக் கிழக்கில் நாங்கள் "மறுகா" என்போம், யாழ்ப்பாணத்தார் "பேந்து" என்பார்கள். இருக்கிறது என்பதை "இரிக்கி" என்று எங்கள் வாயில் வருகிற மாதிரி ஒரு படத்திலாவது கேட்க எனக்கு ஆசை. வாப்பா, உம்மா, லாத்தா என்று கூப்பிடுகிற ஒரு குடும்பம் அந்தப் படகில் இருந்து இறங்கியிருந்தால் கதை எப்படிப் போயிருக்கும் என்று யோசித்துக்கொண்டே இருந்தேன்.

படுவான்காற்று எழுதியது:

அக்கரைப்பெண், நீங்கள் சொன்ன குறை எனக்கும் உண்டு. தமிழ்ப் பேச்சுவழக்குகளை ஆராய்ந்த செக் நாட்டு அறிஞர் கமில் சுவெலெபில், பேச்சுத் தமிழ்களுக்குள் எழுத்துத் தமிழுக்கு மிகக் கிட்டியது மட்டக்களப்புத் தமிழ் என்று 1960களிலேயே எழுதிவிட்டார். அப்படிப்பட்ட பேச்சைத் திரையில் கேட்க முடியவில்லை. காரைதீவில் பிறந்த சுவாமி விபுலானந்தர் 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் முதல் தமிழ்ப் பேராசிரியராக அமர்ந்தவர். எங்கள் மண்ணின் தமிழ் கடல் கடந்து போய் மதிப்போடு இருந்திருக்கிறது. சினிமாவில்தான் அது இன்னும் கரை ஏறவில்லை.

முகாம்பிள்ளை எழுதியது:

எல்லாரும் சிரித்த கதையைச் சொல்கிறீர்கள். நான் சிரிக்காத இடத்தைச் சொல்ல வேண்டும், கோபிக்காதீர்கள்.

நான் பிறந்தது 1991இல், திருச்சிப் பக்கம் ஒரு அகதி முகாமில். அம்மா திருகோணமலை, அப்பா மட்டக்களப்பு. 1990இல் படகேறிப் போனவர்கள். எனக்கு 20 வயதில் திரும்பி வந்தோம். ஒரு அறையில் ஆறு பேர். வெளியே தங்க வேண்டுமென்றால் அனுமதி. ஆள் கணக்கெடுக்கும் நாளில் எல்லாரும் அங்கே நிற்க வேண்டும், நின்றால்தான் உதவிப் பணம். வெளியூரில் வேலைக்குப் போன அப்பா அந்த ஒரு நாளுக்காக இரவு பஸ்ஸில் வருவார்.

இந்தியா 1951ஆம் ஆண்டின் அகதிகள் ஒப்பந்தத்தில் கைச்சாத்திடாத நாடு. படகில் வருகிறவர்கள் சட்டத்தின் கண்ணில் அனுமதியில்லாமல் வந்தவர்கள்தான். 2022 மார்ச் மாதத்திலிருந்து இங்கிருந்து போனவர்களைப் பிடித்து விசாரித்து, இராமேஸ்வரத்துக்குக் கிட்ட உள்ள மண்டபம் முகாமில்தான் வைத்தார்கள். 2021இல் அகதிகள் முகாம் என்ற பெயரை இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் என்று மாற்றினார்கள். பெயர் மாறியது நல்லதுதான், அம்மா அந்தச் செய்தியை வாசித்துவிட்டு வெகு நேரம் பேசாமல் இருந்தா.

படத்தில் இராமேஸ்வரம் கரையில் ஒரு பொலிஸ்காரர் மனம் இளகி இவர்களைப் போகவிடுகிறார். அந்த இடத்தில் பக்கத்தில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்துக் கைதட்டினார்கள். எனக்குத் தொண்டை அடைத்தது. எங்கள் ஆட்களுக்கு அப்படி ஒருவர் கிடைக்கவில்லை. கிடைத்திருந்தால் நானும் ஒரு தெருவில் வளர்ந்திருப்பேன் என்ற நினைப்பு வந்துவிட்டது.

படம் கெட்ட படம் என்று சொல்லவில்லை. முகாம் என்ற ஒன்று இருப்பதையே கதை தாண்டிப் போய்விடுகிறது. அங்கே இன்னும் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் இருக்கின்றன. சிரித்துக்கொண்டு வீட்டுக்குப் போகும் சனத்துக்கு அது தெரியாமலே போகிறது.

காரைதீவு_மண் எழுதியது:

முகாம்பிள்ளை, வாசித்துவிட்டு ஒன்றும் எழுத வரவில்லை. எழுதியதற்கு நன்றி.

வாவிக்கரை எழுதியது:

முகாம்பிள்ளை, நீங்கள் எழுதியிருக்காவிட்டால் இந்த இழை பாதிதான். நான் அந்தக் கரைக் காட்சியில் சிரித்தவன். உங்கள் பக்கத்தில் இருந்து அதைப் பார்த்ததில்லை.

ஆனால் ஒன்றைச் சொல்ல விடுங்கள். 2022ஐ நாங்கள் இங்கே இருந்து கடந்தோம். மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் கரண்ட் இல்லை. பால்மாவுக்கு வரிசை, சமையல் காஸுக்கு வரிசை, பெற்றோலுக்கு நாள் கணக்கில் வரிசை. மண்ணெண்ணெய் இல்லாமல் கல்லடிக் கரையில் வள்ளங்கள் கவிழ்த்தபடி கிடந்தன. எங்கள் ஒழுங்கையிலும் இந்தியாவுக்குப் போவோமா என்று இரவில் மெதுவாகக் கதைத்த வீடுகள் இருந்தன. அந்தக் காலத்தை எவராவது படமாக எடுத்தால் அழவைத்துத்தான் எடுப்பார்கள் என்று நினைத்திருந்தேன். ஒருவர் சிரிக்கவைத்து எடுத்தார். அதனால்தான் பெத்தா முழுவதும் பார்த்தா. யுத்தப் படம், அகதிப் படம் என்றால் எழும்பி அறைக்குள் போய்விடுவா. அவ கண்டதெல்லாம் போதும்.

சிரிப்புப் படம் எல்லாவற்றையும் சொல்லாது என்பது சரி. சொல்லாமல் விட்டது மறைத்ததாகிவிடுமா? இதை வாதத்துக்காக எழுதவில்லை, உங்கள் பதில் எனக்கு வேண்டும்.

முகாம்பிள்ளை எழுதியது:

மறைத்ததாகாது. ஆனால் அந்தப் பொலிஸ்காரர் பாத்திரத்தைப் போல ஒரே ஒரு பாத்திரம், முகாமில் இருந்து வந்த ஒரு ஆள், அந்தத் தெருவில் இரண்டு நிமிடம் நடந்து போயிருந்தால் எனக்குப் போதும். தேநீர்க் கடையில் இவர்களுடைய பேச்சைக் கேட்டுத் திரும்பிப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் போயிருக்கலாம். அது சிரிப்பையும் கெடுத்திருக்காது.

அம்மா பார்த்தா. அவவுக்குப் பிடித்திருக்கிறது. நான் சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டு, "நமக்குக் கிடைக்காதது படத்தில எண்டாலும் ஒரு குடும்பத்துக்குக் கிடைச்சிதே" என்றா. அம்மாவும் நானும் இதில் ஒத்துப்போகவில்லை.

டோஹா_வாழைச்சேனை எழுதியது:

வேலை முடிந்து வந்துதான் வாசிக்கிறேன், பிந்திவிட்டேன்.

எங்கள் அறையில் எட்டுப் பேர். மூன்று பேர் திருநெல்வேலி, ஒருவர் தஞ்சாவூர், ஒருவர் கேரளா, நாங்கள் மூன்று பேர் வாழைச்சேனை, ஓட்டமாவடி. வெள்ளிக்கிழமை எல்லாரும் சேர்ந்து பார்த்தோம். நாங்கள் சிரித்த பிறகு திருநெல்வேலிப் பெடியன்கள் "என்னண்ணே சொன்னாங்க" என்று கேட்பார்கள், சொல்லிக்கொடுத்தால் அப்போது அவர்கள் சிரிப்பார்கள். அயல்வீட்டு அம்மா இறந்துபோகும் பகுதியில் எல்லாரும் ஒன்றாகவே பேசாமல் இருந்தோம். அதற்கு யாரும் யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அந்தப் பகுதியைப் பற்றி யாரும் இன்னும் விரிவாகச் சொல்லவில்லை, ஆகவே நான் சொல்கிறேன். இளங்கோ குமாரவேல் அந்த அம்மாவின் கணவராக வருகிறார். தனித்து வாழும் வயதான இருவர். அந்த அம்மா போன பிறகு அந்த மனிதருக்கு யாரும் இல்லை. ஒரு தெரு நிறையச் சனம் இருந்தும் செத்த வீட்டுக்கு வர ஆள் இல்லை என்ற நிலையை, நேற்று வந்த இந்தக் குடும்பம் மாற்றுகிறது. எங்கள் ஊரில் செத்த வீடென்றால் சொல்லி அனுப்பவே தேவையில்லை. கதிரை வரும், பந்தல் வரும், அடுப்பு மூட்டாத வீட்டுக்கு அயலில் இருந்து சோறு வரும். சசிகுமாரின் பாத்திரம் அங்கே பெரிய நன்மை எதையும் செய்யவில்லை. அவருக்குத் தெரிந்த ஒழுங்கைச் செய்கிறார். அவ்வளவுதான். அந்தத் தெரு அதை மறந்துபோய்விட்டது.

ஊர் மாறி வந்தவன் தன்னோடு என்ன கொண்டு வருகிறான் என்று இந்தப் படம் கேட்கிறது என நினைக்கிறேன். எங்களைப் போல ஆட்களிடம் எல்லாரும் கேட்பது, வந்த இடத்தில் என்ன உழைத்தாய் என்றுதான்.

போன மாதம் தஞ்சாவூர் அண்ணனுடைய தகப்பன் இறந்துவிட்டார். அவருக்கு உடனே போகக் கிடைக்கவில்லை. எட்டுப் பேரும் அன்று வேலைக்குப் போகவில்லை. கேரளக்காரர்தான் கஞ்சி வைத்தார்.

கல்லடி_மாப்பிள்ளை எழுதியது:

தம்பி, உங்கள் பதிவை மனைவிக்கு வாசித்துக் காட்ட முடியாமல் நடுவில் நிறுத்தினேன். அவதான் கைத்தொலைபேசியை வாங்கி மிச்சத்தை வாசித்தா.

அம்பாறை_எழுதுவினைஞர் எழுதியது:

நான் தம்பிலுவில். அம்பாறை நகரத்தில் ஒரு அரச அலுவலகத்தில் எழுதுவினைஞர். எங்கள் பிரிவில் 14 பேர், தமிழ் பேசுகிறவர்கள் இரண்டு பேர். நியமனம் கிடைத்து முதல் நாள் போனபோது எனக்குச் சிங்களத்தில் எண்ணத் தெரியும், அதற்கு மேல் தெரியாது. இரண்டாம் மொழித் தேர்ச்சிப் பரீட்சைக்குப் படித்த சிங்களமும் அலுவலகத்தில் கதைக்கிற சிங்களமும் ஒன்றில்லை. பகல் சாப்பாட்டு நேரம் என் மேசையிலேயே இருந்து சாப்பிட்டுவிட்டு எழும்புவேன். ஒரு நாள் பக்கத்து மேசை அக்கா தன் கதிரையைத் தூக்கிக்கொண்டு வந்து என் மேசைக்கு முன்னால் போட்டு உட்கார்ந்தா. கீரைச் சுண்டலில் பாதியை என் பெட்டிக்குள் வைத்தா. அவ்வளவுதான் நடந்தது, ஆனால் அன்றிலிருந்து எனக்கு அந்த அலுவலகம் பழகிவிட்டது.

அவவுக்கு நான் இந்தப் படத்தை ஆங்கில எழுத்துவரியோடு காட்டினேன். நாங்கள் சிரித்த இடத்தில் அவவும் சிரித்தா, ஒரு இடம் தவிர. பேச்சு வித்தியாசத்தில் வருகிற பகிடி எழுத்துவரியில் ஒன்றுமே தெரியவில்லை. அவவுக்கு எல்லாம் தமிழ்தான். நான் நிறுத்தி, காலிச் சிங்களமும் கண்டிச் சிங்களமும் வேறுபடுகிற மாதிரி என்று விளங்கப்படுத்தினேன். பிறகு அந்தக் காட்சியைத் திரும்பப் போடச் சொல்லிக் கேட்டா.

இன்னொன்று. மூத்த மகன் பாத்திரத்தை எல்லாரும் விட்டுவிட்டீர்கள். ஊர் மாறினால் சின்னப் பிள்ளை உடனே பழகிவிடும், பெரியவர்கள் பொறுப்பில் ஓடுவார்கள். அந்த 20 வயதுக்காரனுக்குத்தான் விட்டுவந்த ஊரில் ஒரு வாழ்க்கை இருந்தது. அவன் அப்பாவோடு கோபமாகத் திரிவதைக் கதையின் வேகத்துக்குத் தடை என்று சொன்னவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அவன் இல்லாவிட்டால் படத்தை நம்ப முடியாது. எல்லாரும் சிரித்துக்கொண்டு இடம்பெயர மாட்டார்கள்.

காரைதீவு_மண் எழுதியது:

மூத்த மகன் பற்றிச் சொன்னது சரி. மிதுன் ஜெய்சங்கர் என்ற இளம் நடிகர், அடக்கமாகச் செய்திருக்கிறார். எனக்கு நெருடியது கடைசி அரை மணி நேரம். ஒவ்வொருவராக வந்து இந்தக் குடும்பத்தால் தாங்கள் மாறியதைச் சொல்ல வேண்டியிருந்ததா? முகத்தில் தெரிந்ததை வாயாலும் சொல்லவைத்துவிட்டார்கள். வேறு ஆட்களுக்கும் அப்படித் தோன்றியதா?

அக்கரைப்பெண் எழுதியது:

எனக்குத் தோன்றவில்லை. எங்கள் வீட்டில் வாயால் சொன்னால்தான் அன்பு. உம்மா அந்தப் பகுதியைத்தான் இரண்டு தரம் பார்த்தா.

படுவான்காற்று எழுதியது:

இவ்வளவு கதைத்துவிட்டோம், நான் ஒரு ஆசையைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கம் இப்படி ஒரு படம் எடுத்தால் ஆள் எந்தத் திசையில் பயணப்பட வேண்டும்? எனக்கென்றால் இங்கேயிருந்து போகக் கூடாது, இங்கே வர வேண்டும்.

சென்னையிலோ கொழும்பிலோ பிறந்து வளர்ந்த ஒருவனுக்கு வங்கியில் இடமாற்றம், படுவான்கரைக்கு. மண்முனையில் 2014இல் பாலம் போட்டுவிட்டார்கள், அதனால் அவனைக் குருக்கள்மடத்தில் இறக்கி அம்பிளாந்துறைப் பாதையில், அதுதான் வாவியைக் கடக்கிற மிதவையில், ஏற்றுவேன். நீரில் அவன் சப்பாத்தைக் கழற்றிக் கையில் பிடித்தபடி நிற்கட்டும், பக்கத்தில் தயிர்ச் சட்டிகளோடு ஒரு அம்மா. அவன் வந்து இறங்கும் நேரம் ஊரில் கூத்துப் பழகத் தொடங்குகிறார்கள். வடமோடி, எங்கள் நாட்டுக்கூத்து வகைகளில் ஒன்று. சட்டம் கொடுக்கிற அன்று, அதாவது வேடங்களைப் பங்கிட்டுப் பாட்டுகளை எழுதிக் கொடுக்கிற அன்று, ஒரு ஆள் குறைகிறது. கூத்துப் பழக்குகிற அண்ணாவியார் இவனை மேலும் கீழும் பார்க்கிறார். இவனுக்குத் தாளம் தெரியாது, பேச்சு விளங்காது, ஆனால் நல்ல உயரம், அரசன் வேடத்துக்குக் கிரீடம் எடுக்கும்.

மூன்று நான்கு மாதம் இரவிரவாகப் பழகுவார்கள். அந்த இரவுகளில்தான் கதை. அவன் காலைத் தவறாக வைக்கும்போது அண்ணாவியார் திட்டுவார், எல்லாரையும் திட்டுகிற மாதிரியே திட்டுவார். புதியவன் என்று விட்டுக்கொடுக்க மாட்டார். அந்த ஏச்சு அவனுக்கு எப்போது உறவாகப் படுகிறது என்பதுதான் நான் பார்க்க விரும்பும் காட்சி. அரங்கேற்றத்தன்று கூத்தாடும் களரியைச் சுற்றி ஊரே விடியும்வரை இருக்கும். அவனுக்கு மாலை போட யார் வருவார்கள்? சொந்தக்காரர் வந்து மாலை போடுவது எங்கள் வழக்கம். அவனுக்கு அங்கே யாரும் இல்லை.

அதுவரைக்கும் யோசித்துவிட்டேன். அதற்குப் பிறகு தெரியவில்லை.

கல்லடி_மாப்பிள்ளை எழுதியது:

தயிர்ச் சட்டி அம்மா போடுவா.

டோஹா_வாழைச்சேனை எழுதியது:

ஓம், அந்த அம்மாதான். சேர், இதை எழுதுங்கள். நான் லீவில் வரும்போது நடிக்க வேண்டும் என்றால் வருகிறேன், மத்தளமும் கொஞ்சம் தெரியும்.

முகாம்பிள்ளை எழுதியது:

வங்கிக்காரனுக்குப் பதிலாக ஒரு முகாம் பிள்ளையை வையுங்கள் சேர். 20 வயதில் அப்பாவின் ஊர் என்று வந்து இறங்கினேன். திருச்சிப் பேச்சு. என்னை "இந்தியாக்காரி" என்று கூப்பிட்டார்கள். என் சொந்த ஊரில் நான்தான் ஊர் மாறி வந்தவள். அப்பாவின் அக்கா, என் மாமி, ஒரு மாதம் முழுக்கப் பக்கத்தில் இருத்திவைத்து "மறுகா, மறுகா" என்று சொல்லித்தந்தா. நான் முதன்முதல் பிழையில்லாமல் "இரிக்கி" என்று சொன்ன அன்று அவ சிரித்த சிரிப்பு இருக்கிறதே, படுவான்காற்று சொன்ன நான்கு வகையிலும் அது இல்லை.

இதைச் சிரிப்புப் படமாகவே எடுக்கலாம். எனக்குச் சம்மதம்.

படுவான்காற்று எழுதியது:

வங்கிக்காரனை எடுத்துவிட்டேன். இன்றிரவே திரும்ப எழுதத் தொடங்குகிறேன். உங்கள் மாமியிடம் சில சொற்கள் கேட்க வேண்டும், அனுமதி கேட்டு வையுங்கள்.

வாவிக்கரை எழுதியது:

பெத்தாவுக்கு இழை முழுவதும் வாசித்துக் காட்டினேன், ஒரு மணி நேரம் எடுத்தது. நடுவில் எழும்பிப் போகவில்லை. முகாம்பிள்ளையின் மாமி எந்த ஊர் என்று கேட்கிறா. தனக்குத் தெரிந்த குடும்பமாக இருக்குமாம். ஊரைச் சொல்லத் தேவையில்லை, விருப்பமென்றால் எனக்குத் தனியாக எழுதுங்கள், ஞாயிற்றுக்கிழமை பெத்தாவைக் கூட்டிக்கொண்டு வருகிறேன்.